எந்தக் காலில் நிற்கிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 64. தோ பாயோவில் கணவருடனும் மகள் குடும்பத்துடனும் வசிக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் காலை ஆறரை மணிக்குச் சீனப் பெரியவர்கள் சிலர் தாய்ச்சி என்னும் மெதுவான சீனப் பயிற்சியைச் செய்வார்கள். கடைசி வரிசையில் நின்று சில மாதங்கள் நானும் செய்தேன். 24 அசைவுகளில் பாதிகூட மனத்தில் நிற்கவில்லை. திரும்பும்போதெல்லாம் குழம்பிவிடுவேன். வலது முழங்காலும் இரவில் வலிக்கத் தொடங்கியது. இப்போது பேரனைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு வந்துவிட்டதால் போவதில்லை. "இவ்வளவு மெதுவாகச் செய்வதெல்லாம் உடற்பயிற்சியே இல்லை, ஜிம்முக்கு வாருங்கள்" என்கிறாள் மகள். "நம்மிடம் யோகா இருக்கும்போது இது எதற்கு?" என்கிறார் கணவர். போன மாதம் குளியலறையில் வழுக்கி, துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்து எப்படியோ தப்பித்தேன். அன்றிலிருந்து நடக்கவே பயமாக இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், வீட்டு வேலைகளுக்கு நடுவிலேயே தாய்ச்சி செய்ய வழி உண்டா? அல்லது விட்டுவிடலாமா?

— வாசகி, சிங்கப்பூர்

பதில் (இயன்முறை சிகிச்சையாளர்):

வணக்கம் அம்மா. தாய்ச்சி இருக்கட்டும், முதலில் அந்தக் கம்பியைப் பற்றிப் பேசிவிடுவோம். துண்டு மாட்டும் கம்பி ஓர் ஈரத் துண்டின் கனத்தைத் தாங்கப் பொருத்தப்பட்டது. இந்த முறை உங்களையும் தாங்கியது அதிர்ஷ்டம்தான்; அதை நம்பி இனிமேல் குளியலறைக்குள் போகாதீர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் மூத்தோருக்காக ஈஸ் என்றொரு திட்டம் இருக்கிறது. 65 வயதான குடிமக்கள் உள்ள வீடுகளுக்குக் குளியலறைக் கைப்பிடிகள் பொருத்துவது, தரை ஓடுகளை வழுக்காதபடி செய்வது போன்ற வேலைகளை மானியத்தோடு செய்துதருகிறார்கள். உங்கள் கணவருக்கு 65 ஆகிவிட்டது என்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். இன்னும் ஆகவில்லை என்றால் சொந்தச் செலவிலாவது இரண்டு கைப்பிடிகளைப் போட்டுவிடுங்கள். எந்தப் பயிற்சியும் ஈரத் தரையை உலர்த்தாது.

இன்னொன்று. வழுக்கிய அன்று, அல்லது அதற்கு முன்பின் நாட்களில், எழுந்து நிற்கும்போது கண் இருட்டியதா, தலை சுற்றியதா என்று யோசித்துப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ சட்டென்று எழும்போது அழுத்தம் இறங்குவது உண்டு. அப்படி இருந்தால் அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லி, உட்கார்ந்தும் நின்றும் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. விட்டுவிட வேண்டாம். தாய்ச்சியின் முக்கியமான ஒரு பகுதியை வீட்டு வேலைகளுக்கு நடுவில் கொண்டுவர முடியும். ஆனால் அது எது என்பதில் பெரும்பாலானோர் கோட்டை விட்டுவிடுகிறார்கள். கைகள் காற்றில் வரையும் அழகான வளைவுகள்தான் தாய்ச்சி என்று நினைத்து, அதை மனப்பாடம் செய்யப் பாடுபடுகிறார்கள். வேலை நடப்பதோ கீழே, பாதங்களில். உடலின் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு அவசரப்படாமல், முழுமையாக, தெரிந்து மாற்றுவதுதான் அதன் அடித்தளம். கை எங்கே போக வேண்டும் என்பதை மறந்தாலும் பரவாயில்லை. எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. தாய்ச்சி சீனாவின் ஹெனான் மாநிலத்தில் உள்ள சென் குடும்பத்தாரின் கிராமத்தில் வளர்ந்த தற்காப்புக் கலை. எதிராளி தள்ளும்போது எடையை இரண்டு கால்களிலும் சமமாகப் போட்டுக்கொண்டு நிற்பவரால் சட்டென்று நகர முடியாது. அதனால் எந்தக் கால் நிறைந்திருக்கிறது, எந்தக் கால் வெறுமையாக இருக்கிறது என்பதில் அந்த ஆசான்கள் மிகக் கண்டிப்பாக இருந்தார்கள். அங்கே கற்றுக்கொண்ட யாங் லூச்சான் 19ஆம் நூற்றாண்டில் அதைப் பெய்ஜிங்கில் கற்பித்தார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு அதை மெதுவான, சீரான ஓட்டமாக மாற்றி ஊரெங்கும் பரப்பினார். அந்த வழியிலிருந்து சில அசைவுகளைத் தேர்ந்தெடுத்து, சாதாரண மக்களும் கற்கும்படி 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் சுருக்கிக் கொடுத்ததுதான் உங்கள் புளோக்கின் கீழ் நடக்கும் 24. ஆக, உங்கள் அண்டை வீட்டார் செய்வது சுருக்கமான பாடம்தான். அதிலும் பாதி நினைவில் இல்லை என்று வருந்துகிறீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்களுடைய பயம் விழுவதைப் பற்றியது. வயதானவர்கள் எப்படி விழுகிறார்கள்? வழுக்கியோ தடுக்கியோ விழுகிறார்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களின் பொது இடங்களில் கேமராக்கள் வைத்து, 130 பேர் விழுந்த 227 சம்பவங்களை ஆராய்ந்தார்கள். 2013இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இது. தடுக்கி விழுந்தவை 21 சதவீதம். எடையைத் தவறாக மாற்றியதால் விழுந்தவை 41 சதவீதம். யாரும் தள்ளவில்லை, எதுவும் தடுக்கவில்லை. திரும்பும்போது, எதையோ எட்டும்போது, உட்காரும்போது உடல் ஒரு பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கத்துக் கால் அதற்குத் தயாராக இல்லை. அவர்கள் உங்களைவிட மூத்தவர்கள், தளர்ந்தவர்கள். அதே கணக்கு உங்கள் வீட்டுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போகும் அந்த ஒரு நொடிதான் ஆபத்தானது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. தாய்ச்சி அந்த நொடியை நீட்டி வைத்துக்கொண்டு அதிலேயே பயிற்சி தருகிறது. மெதுவாகச் செய்வதன் காரணம் இதுதான். வேகமாகச் செய்தால் அந்த இடத்தைத் தாவிக் கடந்துவிடலாம், மெதுவாகச் செய்யும்போது ஏமாற்ற முடியாது.

இது வெறும் வாதம் அல்ல. அமெரிக்காவின் ஒரேகானில் 70 வயதுக்கு மேற்பட்ட 670 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. அனைவரும் முன்பே விழுந்தவர்கள் அல்லது நடமாட்டம் குறைந்தவர்கள். வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம், 24 வாரங்கள். தாய்ச்சி செய்த குழுவில் விழும் எண்ணிக்கை, தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட 58 சதவீதம் குறைவு. வலிமை, சமநிலை, நடை எல்லாம் கலந்த பயிற்சி செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு. அவர்கள் கற்றது முழு 24 அல்ல. அதிலிருந்து எடுத்து மாற்றியமைத்த எட்டு அசைவுகள் மட்டும்தான்.

ஆனால் இதிலிருந்து தெரியும் இன்னொரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. இந்தப் பலன்களெல்லாம் ஆசிரியர் முன்னிலையில், வகுப்பில், வாரக்கணக்கில் செய்தவர்களுக்குக் கிடைத்தவை. பாத்திரம் கழுவும் இடத்தில் இரண்டு நிமிடம் செய்தால் இதே பலன் வரும் என்று நான் சொன்னால் அது பொய். வகுப்பில் கற்றது மறக்காமல் இருக்கவும், தேவைப்படும் இடத்தில் கால்கள் தாமாகவே அதைச் செய்யவும் வீட்டுப் பயிற்சி உதவும். அதனால் வகுப்பை முழுக்கக் கைவிட வேண்டாம் என்பதே என் கட்சி.

வீட்டில் எங்கே செய்வது? நாள் முழுவதும் ஒவ்வோர் அடியையும் கவனித்து நடங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. ஒருவராலும் முடியாது, முயன்றால் இரண்டாம் நாளே எரிச்சல் வந்துவிடும். மூன்று இடங்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதல் இடம் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டி. கையெட்டும் தூரத்தில் மேடை இருப்பதால் இது பாதுகாப்பானது. வேலை முடிந்து, கையைத் துடைத்துவிட்டு, தரை ஈரமாக இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, முழங்கால்களை விறைப்பாக வைக்காமல் லேசாகத் தளர்த்தி நில்லுங்கள். இப்போது எடையை மெல்ல வலது காலுக்குக் கொண்டுபோங்கள். தலை சாயக் கூடாது. இடுப்பு மட்டும் நகர வேண்டும். முழு எடையும் போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? இடது பாதத்தைத் தரையிலிருந்து ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். உடல் கொஞ்சமும் ஆடாமல் பாதம் எழுந்தால் எடை போய்விட்டது. தூக்குவதற்காக உடலை ஒரு பக்கம் வீச வேண்டியிருந்தால் இன்னும் போகவில்லை. நான் பார்க்கும் பெரியவர்களில் பலர் முக்கால் பங்கு எடையை மாற்றிவிட்டு முழுவதும் மாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். மாறாத அந்த மீதிக் கால் பங்குதான் குளியலறையில் காலை வாரிவிடுகிறது. நிதானமாக மாறி மாறிப் பத்து முறை செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். அது பாட்டுக்கு வந்து போகட்டும். இது பழகியபின், மேடையைத் தொட்டபடி பின்னால் ஓர் அடி வையுங்கள்: முதலில் பெருவிரல் பக்கம், பிறகு குதிகால், கடைசியில்தான் எடை. வகுப்பில் குரங்கை விரட்டுவதாகச் சொல்லும் அசைவில் பின்னோக்கி நடந்தது நினைவிருக்கிறதா? அதுதான் இது. குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து பின்வாங்கும்போதும், மின்தூக்கியில் பிறருக்கு இடம் விட்டு நகரும்போதும் நாம் இப்படித்தான் நடக்கிறோம். பின்னோக்கி நடப்பதற்கு யாரும் நம்மைப் பழக்குவதில்லை.

இரண்டாவது இடம் நாற்காலி. நான் சொன்ன கனடா ஆய்வில் உட்காரும்போது விழுந்தவர்களும் கணிசமாக இருந்தார்கள். உட்காரும்போது கடைசி ஒரு சாண் தூரத்தைப் பொத்தென்று விழுந்து முடிக்காமல், கால்களின் பின்புறத்தில் நாற்காலியின் விளிம்பு படுவதை உணர்ந்து, மெல்ல இறங்குங்கள். கையை ஊன்றிக்கொண்டாலும் குற்றமில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை உட்கார்ந்து எழுகிறோம்! அத்தனையும் தொடைத் தசைக்கான பயிற்சி.

மூன்றாவது, காத்திருக்கும் நேரம். மின்தூக்கி வரும்வரை, பஸ் வரும்வரை, உணவங்காடியில் வரிசை நகரும்வரை, வெளியில் யாருக்கும் தெரியாதபடி எடையை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றலாம். பஸ்ஸுக்குள் வேண்டாம், ஓடும் வண்டியில் கம்பியைப் பிடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பேரனைத் தூக்கிக்கொண்டும், கையில் சூடான பாத்திரத்தோடும் செய்யவே கூடாது.

அடுத்தது முழங்கால். நீங்கள் எழுதியதை வைத்தே எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. திரும்பும்போது குழம்புவதாகச் சொல்கிறீர்கள். அப்போது பாதம் தரையிலேயே இருக்க, உடல் மட்டும் திரும்பியிருக்கும். முழங்கால் மடங்கவும் நீளவும்தான் ஏற்பட்டது, திருகுவதற்கு அல்ல. இடுப்பு நன்றாகத் திரும்பும், பாதமும் திரும்பும். இரண்டும் சேர்ந்து திரும்பாவிட்டால் நடுவில் இருப்பது தண்டனை அனுபவிக்கும். 24இல் முன்னேறும்போது, எடையைப் பின்காலுக்குக் கொண்டுவந்து, முன்பாதத்தின் விரல்களை வெளிப்பக்கம் திருப்பிவிட்டு, அதன் பிறகே அதில் எடையைப் போடுவார்கள். கடைசி வரிசையில் இருந்து பார்ப்பவர்களுக்கு இந்த நுணுக்கம் கண்ணில் படாது. எல்லாரும் சட்டென்று திரும்பிவிட்டது போலத்தான் தெரியும். இனித் திரும்பும்போது ஒரே விதி: எடையுள்ள பாதத்தைத் திருகாதீர்கள். எடையை எடுத்துவிட்டு, வெறும் பாதத்தைத் திருப்பி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு போங்கள். அடுப்பிலிருந்து தொட்டிப் பக்கம் திரும்பும்போதும் இதே விதிதான். ஒரு நாளில் அங்கேதான் அதிகம் திருகுகிறோம்.

நிற்கும் உயரத்தையும் கவனியுங்கள். குழுவில் இருக்கும் பெரியவர் தாழ்ந்து நிற்கிறார் என்பதற்காக நீங்களும் தாழ வேண்டியதில்லை. பல வருடப் பழக்கம் அது. முழங்காலை லேசாக மடக்கினால் போதும், அடியையும் சிறிதாக வையுங்கள். குனிந்து பார்த்தால் முழங்கால் இரண்டாவது விரலின் திசையில் இருக்க வேண்டும். பெருவிரலைத் தாண்டி உள்பக்கம் சரியக் கூடாது. செய்யும்போது சிறிய வலி இருந்து, மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். இரவில் வலித்து எழுப்பினால் அளவு அதிகம் என்று பொருள், பாதியாகக் குறையுங்கள். முழங்கால் வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது தொய்ந்துபோனாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முழங்கால் தேய்மானம் என்று அவர் சொன்னால் அதோடு தாய்ச்சி முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேருக்கு பாஸ்டனில் 12 வாரம் நடத்திய சோதனையில், தாய்ச்சி செய்தவர்களுக்கும் இயன்முறை சிகிச்சை பெற்றவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வலி குறைந்தது. 2016இல் இந்த முடிவு வந்தபோது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது உண்மை.

கணவர் கேட்பது நியாயமான கேள்வி. யோகாவில் விருட்சாசனம் ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கக் கற்றுத்தருகிறது. அது நல்லது, தெரிந்தால் செய்யுங்கள். அந்தக் காலிலிருந்து அடுத்த காலுக்குப் போகும் வழியைத் தாய்ச்சி கற்றுத்தருகிறது. இரண்டுக்கும் சண்டை இல்லை. நம் பெண்கள் வேண்டுதலுக்காக அம்மன் கோயிலில் அடிப்பிரதட்சணம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள், நீங்களே செய்தும் இருக்கலாம். ஒரு பாதத்தின் குதிகாலை மற்றப் பாதத்தின் விரல் நுனியில் ஒட்டி வைத்துச் சுற்றிவருவது. கிட்டத்தட்ட இதே நடையைத்தான் நாங்கள் சிகிச்சை அறையில் சமநிலையைச் சோதிக்க ஒரு கோட்டின் மேல் நடக்கச் சொல்கிறோம். தாய்ச்சியைச் சீனர்களுடையது என்று அவர் ஒதுக்கினால், இதையாவது உங்களோடு சேர்ந்து செய்யச் சொல்லுங்கள். சுவரோரமாக, வேண்டும்போது கை வைத்துக்கொள்ளும்படி.

மகள் சொல்வதில் பாதி உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும். சமநிலையும் வலிமையும் கலந்த பயிற்சி வாரத்தில் மூன்று நாளாவது வேண்டும். உங்களுக்கு அந்த வயது வர ஒரு வருடம்தான் இருக்கிறது. தாய்ச்சி மட்டும் இத்தனையையும் நிறைவேற்றாது. இதயத்துக்கு விறுவிறு நடை வேண்டும், தசைக்குக் கொஞ்சம் பாரம் வேண்டும். ஆகவே வாரத்தில் ஒரு நாள் அவளோடு ஜிம்முக்குப் போய்வாருங்கள். மற்ற பாதி, மெதுவாகச் செய்வது பயிற்சியே இல்லை என்பது, செய்து பார்க்காதவர்கள் சொல்வது.

கடைசியாக, வகுப்பு. தினமும் வேண்டாம். ஒரேகானிலும் வாரம் இரண்டு நாள்தான். பள்ளி இல்லாத சனி, ஞாயிறு காலைகள் உங்களுக்கு இருக்கின்றன. கடைசி வரிசையில் நிற்காதீர்கள். கூச்சத்தால் பின்னால் நிற்கிறீர்கள், ஆனால் தாய்ச்சியில் எல்லாரும் திரும்பும்போது பின்வரிசைதான் முன்வரிசை ஆகிவிடும். பார்த்துச் செய்ய உங்களுக்கு முன்னால் ஆளே இருக்காது. நீங்கள் குழம்புவது அங்கேதான். நினைவாற்றலைக் குறை சொல்லாதீர்கள். வழிநடத்தும் பெரியவரிடம் சொல்லி நடுவில் இடம் கேளுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தெரிந்தவர் ஒருவர் கண்ணெதிரே இருப்பார். மொழி தெரியாது என்றால் முழங்காலைத் தொட்டுக் காட்டினாலே அவருக்குப் புரியும்; அந்த வயதில் அவரைச் சுற்றி எல்லாருக்கும் முழங்கால் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு, தொடக்க அசைவு, பக்கவாட்டில் நடக்கும் மேகக் கைகள், பின்னால் நடக்கும் குரங்கு விரட்டல் ஆகிய மூன்றை மட்டும் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றவை ஓடும்போது கையை எப்படியாவது ஆட்டிக்கொண்டு மற்றவர்களின் கால்களை மட்டும் பின்தொடருங்கள்.

அந்த இரண்டு காலைகளில் பேரனை மகள் பார்த்துக்கொள்ளட்டும். அல்லது பேரனைத் தாத்தாவிடம் விட்டுவிட்டு அவளும் ஒரு நாள் உங்களோடு கீழே வரட்டும். 24 அசைவுகளும் முடிய ஐந்து நிமிடம் போல ஆகும். அதுவரை முழங்காலை நிமிர்த்தாமல், அவசரப்படாமல், அந்தப் பெரியவரின் வேகத்திலேயே செய்து முடித்துவிட்டு, இது உடற்பயிற்சியா இல்லையா என்று அவளே சொல்லட்டும்.